இடியம்மாவுக்கு எத்தனை வாட்?

கட்டிக்கொண்டவளின் குரலைக் கேட்டே காலம் தள்ளுகிற புருஷன்மார் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் அந்தக் குரலை எட்டு ஒலிபெருக்கியில் போட்டு, அதற்குக் கரண்டும் கொடுத்து, அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளமும் வாங்குகிற புருஷன், எனக்குத் தெரிந்து, ஒயர்காரர் ஒருவர்தான்.

பேருந்து நிலையத்தில் எந்த ஒயர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் அந்தப் பெயர். அவர் மனைவி அதே நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் இடியம்மா. பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொன்னதற்கு, "கேலி என்ன கேலி, உள்ளதைத்தானே சொல்றாங்க" என்று அவள் உரக்கச் சொன்னாள். அது நாலு பிளாட்பாரத்துக்குக் கேட்டது. அப்போது மைக் அணைந்திருந்தது.

ஒயர்காரரோ, பேசினால் எதிரில் இருப்பவர் காதைக் கிட்டே கொண்டுவர வேண்டிய ரகம். யாருக்கும் முடியாது என்று சொல்லவும் வராது. யார் வந்து எதைக் கேட்டாலும் "பாக்கலாங்க" என்பார். கேட்டவர் அதை "ஆகட்டும்" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் மனுஷன் மண்டையை உடைத்துக்கொள்வார்.

அவருடைய ராஜ்யம் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு அலமாரி. ஒரு பக்கம் துடைப்பங்கள், மறு பக்கம் சுவிட்ச். சுவரில் தட்டினால் விளக்கு எரியுமே, அந்தச் சுவிட்ச் இல்லை. வரிசையாக ஓட்டைகள் உள்ள தட்டையான ஒரு பெட்டி. ஓட்டைக்கு ஒரு மெல்லிய ஒயர் புறப்பட்டு நிலையம் முழுக்கப் போகும். கேமரா, டெலிபோன், வைஃபை பெட்டி, ஒலிபெருக்கி எதற்குமே தனியாக பிளக் கிடையாது. சேதியும் கரண்டும் அந்த ஒரே ஒயரில்தான் போய்ச் சேரும். பெட்டியிடம் இருப்பது இவ்வளவு வாட் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒரு சொட்டுக் கேட்டாலும் கையை விரித்துவிடும். யாருக்கு எவ்வளவு என்று பங்கு வைக்கிற வேலை ஒயர்காரருடையது. முடியாது என்று சொல்லத் தெரியாத ஆளிடம் பங்கு வைக்கிற வேலையைக் கொடுத்தவர்களை என்னவென்று சொல்ல!

ஒருநாள் காலை நிலைய மேலாளர் அலமாரிக்குள் தலையை நீட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

"தலைமை ஆபீஸ்லேருந்து பெரிய மேடம் வராங்க. கடைசி ரெண்டு பிளாட்பாரத்துல அறிவிப்பே கேக்கலைன்னு ஏகப்பட்ட புகார். அதுக்குப் பதிலா பேசற பெட்டி வெக்கலாங்கறாங்க. பதிவு பண்ணின குரல். நேரமாச்சுன்னா அதுவா பேசும்."

"அப்ப இவ?" என்று கேட்டார் ஒயர்காரர்.

"வேலையெல்லாம் போகாது. லக்கேஜ் ரூமுக்கு மாத்திடுவாங்க. மேடம் வர்றப்ப கடைசி பிளாட்பாரம் வரைக்கும் நல்லா கேட்டா தப்பிக்கலாம். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்லை."

லக்கேஜ் அறை என்பது நிலையத்தின் பின்புறம், ஜன்னல் இல்லாத இடம். நாளெல்லாம் மூட்டைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மூட்டை பதில் பேசாது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆற அமர விஷயத்தைச் சொன்னார். இடியம்மா முதலில் சிரித்தாள்.

"பெட்டியா? ஓடி வந்துக்கிட்டே ஒருத்தர் 'மலைக்குப் போற பஸ் போயிடுச்சா'ன்னு கேட்டா, பதில் சொல்லுமா அது?"

"சொல்லாது."

"டிரைவர் டீ குடிச்சுக்கிட்டு நின்னா, 'உங்களைத்தான், கிளாஸைக் கீழ வைங்க'ன்னு சொல்லுமா?"

"அதுவும் சொல்லாது."

"அப்புறம் எதுக்கு அது?" என்றாள். சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாடு இருக்கும்போதே டப்பாவை மூடினாள். அவள் சாப்பாட்டை மிச்சம் வைத்து அவர் பார்த்ததே இல்லை. தான் உயிரோடு இருக்கும்வரை இவள் லக்கேஜ் அறைக்குப் போகக் கூடாது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார்.

கிடங்கில் புது ஒலிபெருக்கி இரண்டு தூசி படிந்து கிடந்தன. கடைசிப் பிளாட்பாரங்களில் ஏணி போட்டு ஏறி மாட்டினார், ஒயரை இழுத்து வந்து சுவிட்சில் செருகினார். பெட்டி ஆரஞ்சு விளக்கைக் காட்டியது. கரண்டு காலி, உனக்கு இல்லை என்று அர்த்தம். பெரிய சுவிட்ச் ஒன்று வேண்டும் என்று மேலாளரிடம் போனார். "எழுதிப் போடறேன்" என்றார் மேலாளர். அவர் எழுதிப் போட்டது எதுவும் வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

திரும்பி வந்து கம்ப்யூட்டரில் சுவிட்சின் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தவருக்குத்தான் அந்த விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு சாமானும் ஒயரில் சேரும்போதே, எனக்கு இத்தனை வாட் வரைக்கும் தேவைப்படலாம் என்று சொல்லி வைக்கிறது. சுவிட்சும் பேச்சை நம்பி அவ்வளவையும் ஒதுக்கி வைத்துவிடுகிறது. ஆனால் நிஜத்தில் சாப்பிடுவது அதில் ஒரு ஓரம். பஸ்ஸில் மூன்று ஸீட்டுக்குத் துண்டைப் போட்டுவிட்டு ஒருத்தர் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாரே, அந்தக் கதை. பார்சல் கேமரா முப்பது வாட்டுக்குத் துண்டு போட்டுவிட்டு ஐந்தைச் சாப்பிட்டது. வைஃபை பெட்டியும் அப்படியே. பெட்டி காலி இல்லை என்று சொன்னதெல்லாம் துண்டுகளைப் பார்த்துத்தான்.

"அடப்பாவிகளா!" என்றார் ஒயர்காரர், யாருக்கும் கேட்காதபடி.

அப்புறம் என்ன, ஒவ்வொன்றும் நிஜமாக எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, இவ்வளவுதான் உனக்கு என்று கட்டுப்போட்டுவிட வேண்டியதுதான். அளந்தார். அளந்தது மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். அறிவிப்பு அறை அலமாரிக்கு நேர் மேலே. இடியம்மா பேசும்போது கீழே துடைப்பங்கள்கூட அதிரும், மனுஷன் எண்ணைக் கூட்டிக் கழிப்பது எப்படி? தவிரவும், வீட்டிலும் அவர் தன் வேலைகளையெல்லாம் அவள் பேச்சை நிறுத்துகிற நேரமாகப் பார்த்து முடித்துப் பழகிய ஆள். ஆகவே, அவள் வாயில் சோறு இருந்தபோது ஒலிபெருக்கிகளை அளந்தார். தலைக்கு நாலு வாட் என்று காட்டியது. தாராள மனசோடு ஆறு என்று குறித்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்கு மேல் அந்த நிலையத்தில் அறிவிப்பு கிடையாது. மறுநாள் பெரிய மேடம் வருகிறார், தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று இடியம்மா நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒயர்காரர் எல்லா ஓட்டைக்கும் புதுக் கட்டுப்பாட்டைப் போட்டார். புது ஒலிபெருக்கி இரண்டும் பச்சை விளக்கோடு உயிர் பெற்றன. இன்னும் கரண்டு நிறைய மிச்சம் நின்றது.

மிச்சம் என்ற சேதி அந்த நிலையத்தில் பஸ்ஸைவிட வேகமாகப் போகும். முதலில் மேலாளர் வந்தார். பேசும் பெட்டியையும் அதோடு இரண்டு பெரிய திரைகளையும் தலைமை அலுவலகம் முன்கூட்டியே அனுப்பியிருந்தது, சோதனைக்காக மாட்டிவைக்க வேண்டும், அதோடு மேடம் உட்காரப்போகிற தன் அறைக்குப் புது வைஃபை பெட்டி ஒன்று. அடுத்தாற்போல் இடியம்மாவின் தம்பி. பார்சல் பகுதி அவன் பொறுப்பு.

"மாமா, மாமா, எனக்கும் ரெண்டு கேமரா. அக்கா மேல சத்தியமா இதான் கடைசி."

"பாக்கலாம் மச்சான்" என்றார் ஒயர்காரர். அவன் கேமராக்களைக் கையோடு கொண்டுவந்திருந்தான். ராத்திரிக்குள் ஒரு வாட்கூட மிச்சமில்லை.

கடைசியில் சோதனை. மச்சானைக் கடைசிப் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டு, ஒயர்காரர் மைக்கின் முன்னால் போய், "ஹலோ... ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். தூரத்தில் மச்சான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். கேட்கிறது! ஒயர்காரர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். நிலையத்திலேயே வாய் செத்த மனுஷன் சோதித்ததை, நிலையத்திலேயே பெரிய தொண்டைக்காரி நாளைக்குப் பிடிக்கப்போகிறாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை பெரிய மேடம் வந்தார். அதிகம் பேசாத, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அதிகாரி. மேலாளர் அவர் பின்னாலேயே குனிந்தபடி நடந்தார். அறிவிப்பு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இடியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு! துறைமுகம் வழியாகச் செல்லும் பேருந்து ரெண்டா—"

அவ்வளவுதான். பத்து ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் செத்தன.

சற்று நேரத்தில் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. விழிக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக "டிங்" என்றது. கடைசி டிங் முடிந்ததும் அவள் மறுபடி மூச்சை இழுத்தாள்.

"துறைமுகம் வழியா—"

மறுபடி மௌனம். மறுபடி டிங், டிங், டிங். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். அவள் வாயைத் திறக்கிறாளா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்து, திறந்ததும் கைதட்டினார்கள். மூட்டையோடு நின்ற ஒருத்தர், "ரெண்டாவதா? ரெண்டாயிரமாவதா?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார். பெரிய மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளருக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஒயர்காரர் மாடிப்படிக்குக் கீழே பாய்ந்தார். சுவிட்சில் வரிசையாக ஆரஞ்சு. கம்ப்யூட்டரில், ஒலிபெருக்கிகள் எல்லாம் தங்கள் அளவைத் தாண்டியதால் நிறுத்தப்பட்டன என்று எழுதியிருந்தது. அளவா? அவர்தான் போட்டார். ஆறு வாட். சும்மா இருக்கும்போது நாலு எடுக்கிற ஒலிபெருக்கி, தொண்டையைத் திறந்து கத்தினால் இருபதுக்கு மேல் கேட்கும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். துண்டு போட்டு இடம் பிடித்தவர்களிலேயே நிஜமாக அவ்வளவு இடமும் தேவைப்பட்டவள் இவள் ஒருத்திதான். அவளுடைய துண்டையும் சேர்த்து எடுத்துவிட்டார் மகானுபாவர். தலையில் நன்றாக ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

கட்டை அவிழ்க்கலாமென்றால் வேறு யாரிடமாவது பிடுங்க வேண்டும். பேசும் பெட்டியில் கை வைத்தால் மேடம் விடமாட்டார். மேலாளர் அறையில் கை வைத்தால் மேலாளர் விடமாட்டார். மச்சானின் கேமராவைத் தொட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. வேறு வழியில்லாமல் மேலே போன் போட்டார்.

"இந்தாம்மா."

"என்னங்க ஆச்சு உங்க ஸ்பீக்கருக்கு? மானம் போகுதுங்க!"

"கொஞ்சம்... மெதுவா பேசேன்."

எதிர்முனையில் சத்தமே இல்லை. ஒயர்காரர் போன் கெட்டுவிட்டதோ என்று ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

"யார்கிட்டங்க சொல்றீங்க?"

"உங்கிட்டதாம்மா. உரக்கப் பேசினா அணைஞ்சிடுது. நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, தண்ணி வேணுமான்னு கேட்டியே, அந்தக் குரல்ல பேசு. வேற வழியில்லை."

அப்புறம் மேலேயிருந்து, பத்து ஒலிபெருக்கியிலும், அந்த நிலையம் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"துறைமுகம் போறவங்க... ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வாங்க. பஸ் நிக்குது. அவசரம் வேண்டாம்."

பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடைக்காரர் டீயை ஆற்றுகிற கை பாதியில் நின்றது. துறைமுகம் போகாதவர்கள்கூட இரண்டு பேர் ரெண்டாவது பிளாட்பாரம் பக்கம் நடந்தார்கள். கடைசிப் பிளாட்பாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரிய மேடம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கே. இதைத்தான் கேக்கலைன்னு சொன்னாங்களா?" என்றார். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானத்துக்குள் அலமாரி வாசலில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. "அண்ணே, என்ன பண்ணீங்களோ, அப்படியே விட்டுடுங்க. புண்ணியமாப் போகும்" என்றார் டீக்கடைக்காரர். "தலைவலி மாத்திரை போடாம ஒரு காலைப்பொழுது போச்சு, தெரியுமா?" என்றார் மேலாளர். மச்சான் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "மாமா, இதே கட்டு வீட்டுக்கும் போட முடியுமா?" என்று கேட்டான். ஒயர்காரர் சிரித்தார். பொய் சொல்வானேன், அவருக்கே உள்ளூரக் கொஞ்சம் சபலம் இருந்தது. வேலையும் நிலைத்தது, காதுக்கும் சுகம். எதற்கு நோண்டிக்கொண்டு?

அப்போது இடியம்மா படியிறங்கி வந்து, துடைப்பங்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"நல்லா பேசினேனாங்க?" என்றாள். அதே மெல்லிய குரல். பக்கத்தில்தான் இருந்தாள், மைக் இல்லை, ஆனாலும் அதே குரல்.

"நல்லா பேசினே."

"எல்லாரும் சொல்றாங்க. மேடமே சொன்னாங்களாம். டிரைவருங்க வந்து கையெடுத்துக் கும்பிடாத குறை." அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இத்தனை வருஷமா எல்லாருக்கும் தொல்லையாத்தான் இருந்திருக்கேன், இல்லீங்க? மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் சொல்லலை. நீங்களும் சொல்லலை."

ஒயர்காரருக்குச் சுருக்கென்றது. தப்பு என்னுடையது, உன் குரலுடையது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. கோழை! அவள் எழுந்து, சத்தம் வராமல் படியேறிப் போனாள். அவள் படியேறினால் கைப்பிடி குலுங்கும், இன்றைக்கு அதுவும் இல்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

மேடம் மேலாளர் அறையில் லேப்டாப்பைத் திறந்து தலைமை அலுவலகத்தோடு வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. நிலையத்துக்குத் தகரக் கூரை. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஆறாவது பிளாட்பாரத்தில் முழங்காலளவு தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே வந்து நிற்க வேண்டிய பஸ்கள் எல்லாம் எங்கெங்கோ திரும்பின. மலைக்குப் போகிற கூட்டம் துறைமுக பஸ்ஸில் ஏறி, இறங்கி, மறுபடி தண்ணீருக்குள் ஓடியது. ஒரு அம்மா ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றினாள். மலைக்கு அடுத்து வருவதுதான் அன்றைய கடைசி பஸ்.

ஒயர்காரர் நனைந்துகொண்டே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் இடியம்மாவின் உதடுகள் அசைந்தன. ஒரு எழுத்துக்கூடக் கீழே வந்து சேரவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. கூட்டத்தையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். உரக்கப் பேசினால் அணைந்துவிடும், மேடம் உள்ளே இருக்கிறார், பிடித்துப்போன குரல் இது. அந்தப் பயத்தில் இன்னும் கவனமாக, இன்னும் மெதுவாக உதட்டை அசைத்தாள். கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் ஒயர்காரருக்கு யோசனையே இல்லை.

அலமாரிக்கு ஓடினார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முதலில் பேசும் பெட்டியையும் அதன் இரண்டு திரையையும் நிறுத்தினார். அப்புறம் மேலாளர் அறை வைஃபை. மேலாளர் அறை டெலிபோன். அதற்கப்புறம் பார்சல் கேமராக்கள், புதுசும் பழசும் சேர்த்து. பார்சல் பகுதியிலிருந்து மச்சான் நனைந்தபடி ஓடி வந்தான்.

"மாமா! என் கேமரா எல்லாம் போச்சு!"

"வாயை மூடிக்கிட்டு நில்லுடா!"

மச்சான் வாயை மூடிக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் மாமா அவனை டா போட்டதில்லை. சத்தம் போட்டதும் இல்லை. துடைப்பம் ஒன்று சரிந்து விழுந்தது, அவன் அதை எடுத்து நிறுத்தி வைத்தான்.

ஒயர்காரர் பத்து ஒலிபெருக்கிக்கும் ஆறை அழித்து முப்பது போட்டார். விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. போனை எடுத்தார்.

"இப்ப பேசும்மா."

"மெதுவாத்தானே பேசறேன், கேக்கலையேங்க..."

"மெதுவா வேணாம். உன் குரல்ல பேசு."

"அணைஞ்சிடுமேங்க. மேடம் இருக்காங்களே."

"யாரு இருந்தா என்ன? நான் கரண்டு குடுக்கறேன், நீ பேசு. வயிறு நிறையக் கத்தும்மா!"

ஒரு மூச்சு உள்ளே போவது போனிலேயே கேட்டது.

"பயணிகள் எல்லாரும் கேளுங்க! ஆறாவது பிளாட்பாரத்துல தண்ணி! யாரும் போகாதீங்க! மலைக்குப் போற பஸ் மூணாவதுக்கு வருது! மூணு! டிரைவர், அப்படியே நிறுத்துங்க, பின்னாடி ஆள் வராங்க! ரெண்டு குழந்தையோட நிக்கற அம்மா, உங்களைத்தான், அந்தப் பக்கம் இல்ல, இடது கைப்பக்கம் திரும்புங்க! சட்டைக்காரத் தம்பி, நீலச் சட்டை, சும்மாதானே நிக்கறீங்க, அந்தக் குழந்தையைத் தூக்குங்க! ஆமா, நீங்கதான்!"

ஒலிபெருக்கி ஒன்றுகூட இமைக்கவில்லை. மழையைப் பிளந்துகொண்டு வந்தது அந்தக் குரல். துடைப்பங்கள் மொத்தமாகக் கீழே விழுந்தன. நீலச் சட்டை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், அந்த அம்மா பின்னால் ஓடினாள். சிதறிக் கிடந்த கூட்டம் ஒரே பக்கமாகத் திரும்பி மூணாவது பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பஸ் படியில் ஏறிக்கொண்டே யாரோ ஒருத்தர் மேலே பார்த்துக் கையை ஆட்டினார். ஒயர்காரர் அலமாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தச் சத்தத்தையா விட்டுவிடலாம் என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"யார் என் மீட்டிங்கை நிறுத்தினது?"

பெரிய மேடம் எதிரே நின்றார். பின்னால் மேலாளர், பேயறைந்த முகத்தோடு.

"நான்தாங்க" என்றார் ஒயர்காரர். "இந்தப் பெட்டியில எல்லாருக்கும் குடுக்கற அளவுக்குக் கரண்டு இல்லீங்க. மைக்ல பேசறவங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப அளந்து பாத்து, இவங்களுக்கு ஆறு வாட் போதும்னு நான் குறைச்சுட்டேன். காலையில ஸ்பீக்கர் அணைஞ்சது அதனாலதான். அவங்க மேல தப்பு இல்லை, எல்லாம் என் தப்பு. இப்ப மத்தவங்ககிட்டேருந்து எடுத்து அவங்களுக்குக் குடுத்திருக்கேன். உங்க ரூமையும் சேத்துத்தான்."

மேலே குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. குடையை விட்டுவிட்டுப் போன தாத்தாவைத் திருப்பிக் கூப்பிட்டது, ஏறிய பிறகும் படியில் தொங்கிய இருவரை உள்ளே தள்ளியது. மேடம் திரும்பி, மூணாவது பிளாட்பாரத்தில் கடைசி ஆள் ஏறும்வரை பார்த்தார். பஸ் கிளம்பியது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பேசற பெட்டி எத்தனை வாட் கேக்குது?"

"திரை ரெண்டும் சேத்துங்களா? அதுதாங்க இருக்கறதுலேயே அதிகம்."

"அதை இந்தம்மாவுக்கே குடுத்துடுங்க. பெட்டியைக் கழட்டி நாளைக்கு என் வண்டியில ஏத்துங்க."

மேலாளர், "அப்ப லக்கேஜ் ரூம்..." என்று இழுத்தார்.

"அங்க ஏற்கெனவே ஆள் இருக்காங்கல்ல?" என்றார் மேடம். "என் ரூமுக்கு மட்டும் வைஃபை திருப்பிக் குடுக்க முடியுமா?"

ஒயர்காரர் கணக்கைப் பார்த்தார். வாய் "பாக்கலாங்க" என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டார்.

"மழை விடற வரைக்கும் முடியாதுங்க" என்றார்.

மேடம் சிரித்துவிட்டார். வராந்தாவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லியனுப்பினார்.

இதற்கிடையில் மச்சானைக் காணோம். பார்சல் வேலை பார்க்கிறவனாயிற்றே, கைக்கு வந்ததை உரிய இடத்தில் சேர்க்காமல் விடுவானா? மாமா மேடத்திடம் சொன்னதை அப்படியே, ஒரு வரி குறையாமல் கொண்டுபோய் மாடியில் அக்காவிடம் சேர்த்துவிட்டான்.

மழை கொஞ்சம் தணிந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பத்து ஒலிபெருக்கியும் ஒருமுறை தொண்டையைக் கனைத்தன.

"ஓர் அறிவிப்பு! நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப என்னை அளந்துட்டு, இவளுக்கு ஆறு வாட் போதும்னு முடிவு பண்ணின என் வீட்டுக்காரர், எங்க இருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்! நாள் பூரா என்னைப் பூனை மாதிரிப் பேச வெச்சதுக்கு அவர்கிட்ட நிறையப் பேச வேண்டியிருக்கு! வர்றப்ப ரெண்டு டீ வாங்கிட்டு வரவும்! மைக்கை அணைக்க மாட்டேன்! மறுபடியும் சொல்றேன்..."

முதலாவது பிளாட்பாரத்திலிருந்து கடைசிப் பிளாட்பாரம் வரைக்கும் நிலையமே சிரித்தது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. டீக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு கிளாஸை நிரப்பி நீட்டினார்.

"போங்கண்ணே, மழை விட்டாலும் இது விடாது."

"விட வேண்டாம்" என்றார் ஒயர்காரர். கிளாஸ் இரண்டையும் வாங்கிக்கொண்டு, சிந்தாமல், சிரித்த முகத்தோடு, திட்டு வாங்கப் படியேறினார்.